மாசி, பங்குனியில் ட்ரவுட் ஓடை

(தோட்டத்து இளைஞர் யுவதிகள் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து கலையும்போது இரண்டு மூன்று தம்பிமார் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "நுவரெலியாவுக்கு வாறவங்க தூண்டிலைத் தூக்கிக்கிட்டு மீன்பிடிக்கப் போறாங்க. நாங்க வழி காட்டப் போறோம், பையைத் தூக்குறோம். இன்னைக்கு என்ன பூச்சி கட்டலாம்னு அவங்க எங்களையே கேட்கிறாங்க. நாங்க என்னத்தச் சொல்றது?"

நல்ல கேள்வி. பையைத் தூக்குகிறவருக்கு ஒரு கூலி, ஓடையை வாசித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு வேறு கூலி. ஆகவே இன்றைக்கு அதைப் பற்றியே பேசுவோம். வருடம் முழுவதையும் எடுத்தால் பொழுது போதாது. மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதத்துத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் இதைத்தான் வசந்தகாலம் என்று சொல்லுவார்கள். அங்கே பனி உருகி ஆறு பெருகுகிற காலம். நமக்கோ இது ஓடை மெலிகிற காலம். ஆகவே அவர்கள் கொண்டுவரும் புத்தகத்தில் உள்ளதை அப்படியே இங்கே செய்தால் மீன் கிடைக்காது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரவுட் நம் நாட்டு மீன் அல்ல. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தது பிறவுன் ட்ரவுட். அது இங்கே சரியாக வேர்பிடிக்கவில்லை. பின்னால் கொண்டுவந்த ரெயின்போ ட்ரவுட்தான் தங்கியது. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மேற்குக் கரை. உடம்பு நெடுகக் கறுப்புப் புள்ளி, பக்கவாட்டில் ரோசா நிறத்தில் ஒரு பட்டை, அதுதான் அடையாளம். நமது பாட்டன் பூட்டன் தேயிலையைக் கொத்தி நட்ட அதே மலையில், துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காக இந்த மீனை விட்டார்கள். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் ஓடைப்பக்கம் தூண்டிலோடு போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

இந்த மீனுக்குக் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். 20 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் சுகமாக இருக்கும். 25 பாகையைத் தொட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. காரணம் ஒட்சிசன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஒட்சிசன் குறைகிறது. கடல் மட்டத்தில் 10 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் அளவு பிடிக்கும், 20 பாகையில் 9தான் பிடிக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இந்த உயரத்தில் காற்றே மெல்லியது, ஆகவே அந்தக் கணக்கிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். கல்லில் மோதி நுரைத்து ஓடுகிற இடத்தில் தண்ணீர் மறுபடி காற்றை வாங்கிக்கொள்ளும். ட்ரவுட் ஏன் அப்படிப்பட்ட இடங்களை ஒட்டியே கிடக்கிறது என்று இப்போது விளங்கும். கீழே நீர்த்தேக்கங்களில் நாம் பிடிக்கிற திலாப்பியாவுக்கு இது நேர்மாறு. அது சூட்டில் வளரும், குளிரில் சுருண்டுவிடும். ஒன்றைப் பிடித்த பழக்கத்தில் மற்றதைத் தேடக்கூடாது.

சரி, மாசி மாதத்துக்கு வருவோம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். சில இரவுகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். அப்படியான காலையில் ஆறு மணிக்கே எழுந்து ஓடைக்கு ஓடவேண்டாம். தண்ணீர் அவ்வளவு குளிர்ந்திருக்கையில் மீன் அடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும், வாயைத் திறக்காது. வெயில் தண்ணீரில் விழுந்து ஒரு மணித்தியாலம் போகட்டும். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல்தான் சின்னப் பூச்சிகள் அசையத் தொடங்கும், மீனும் அப்போதுதான் அசையும். நடுமத்தியானம் வெயில் நேரே இறங்கும்போது மீன் மறுபடி நிழலுக்குப் போய்விடும். பிறகு மூன்று மணிக்கு மேல் இன்னொரு நேரம் இருக்கிறது. விருந்தாளி பாதி இருட்டில் போகவேண்டும் என்று அடம்பிடித்தால், "ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்று சொல்லுங்கள். அது சோம்பல் இல்லை, கணக்கு.

இந்த மாதத்தில் தண்ணீர் வற்றி, கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். நாம் மீனைப் பார்க்கிறோம் என்றால் அது நம்மை முன்னமே பார்த்துவிட்டது. மீன் எப்போதும் தண்ணீர் வருகிற பக்கம் முகம் வைத்து நிற்கும், இரை அந்தப் பக்கமிருந்துதான் வரும். ஆகவே கீழே இருந்து மேல்நோக்கி நடக்கவேண்டும். குனிந்து, செடி மறைவில் நடக்கவேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. வெள்ளைச் சட்டை, சிவப்புத் தொப்பி வேண்டாம். கல்லுக்குக் கல் தாவவே கூடாது, கரை அதிர்ந்தால் அந்த மடுவில் அரை மணித்தியாலத்துக்கு ஒன்றும் கிடையாது. நாங்கள் பார்த்த அளவில் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் அதிகம்பேர் பூச்சியைத் தவறாகக் கட்டியவர்கள் அல்ல, நடையைத் தவறாக நடந்தவர்கள். பூச்சிப் பெட்டியில் நூறு வகை வைத்துக்கொண்டு யானைபோல் இறங்குவார்கள்.

பங்குனி பிறந்ததும் கதை மாறும். காலையில் வெயில், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இடிமழை. ஒரு மணித்தியால மழைக்கே ஓடை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் மீன்பிடிக்க நினைப்பது வீண், மீனுக்குக் கண்ணே தெரியாது. அடுத்த நாள் காலைதான் நமக்கு வேண்டியது. கலங்கல் படிந்து, தண்ணீர் பிளேன்டி நிறத்துக்கு வரும் பாருங்கள், கடும் சாயம் இல்லை, இரண்டாவது தரம் வடித்த சாயம், அந்த நிறம்தான் இந்த மூன்று மாதத்திலும் மிக நல்ல தண்ணீர். மழை நிறையப் புழு பூச்சியை அடித்துக்கொண்டு வந்திருக்கும். மீன் பசியோடு நிற்கும், நம்மையும் தெளிவாகப் பார்க்காது. முழங்காலளவு தண்ணீரில் உங்கள் பாதம் மங்கலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தூண்டிலைப் போடலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. நமது நாட்டில் இடி மின்னல் மிக அதிகமாக விழும் காலங்களில் மார்ச், ஏப்ரல் ஒன்று. இப்போது வருகிற தூண்டில்தடிகள் காபன் நாரில் செய்தவை, மின்சாரம் அதில் பாயும். ஒன்பதடித் தடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்பது எப்படிப்பட்ட வேலை என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. இடிச்சத்தம் காதில் விழுந்த உடனே தடியைத் தரையில் படுக்கப்போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போங்கள். தனிமரத்தின் கீழ் ஒதுங்கவேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்ப வரவேண்டாம். இன்னொன்று: உங்கள் தலைக்கு மேல் வெயில் இருக்கும், மேல் மலையில் கறுத்திருக்கும். அந்தத் தண்ணீர் எந்த அறிவிப்பும் இல்லாமல் வரும். தெளிந்த ஓடையில் திடீரென்று இலையும் சருகும் மிதந்து வந்தால், தண்ணீரின் சத்தம் தடித்தால், உடனே கரையேறவேண்டும். விருந்தாளி மறுத்தாலும் நீங்கள் ஏறிவிடுங்கள். நீங்கள் ஏறினால் அவரும் ஏறுவார்.

இனிப் பூச்சி. பிளை என்று சொல்கிறார்களே, அது ஊசிமேல் இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சி. எதைக் கட்டுவது என்பதற்கான பதில் பெட்டிக்குள் இல்லை, ஓடைக்குள் இருக்கிறது. கரையோரத்தில், வேகமாக ஓடுகிற ஆழமில்லாத தண்ணீரில், உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தட்டையாக, வாலில் இரண்டு மூன்று மயிர்போல நீட்டிக்கொண்டு ஓடுகிற சிறு பூச்சி இருக்கும். மணலையும் துகளையும் ஒட்டிச் சின்னக் குழாய்போல வீடு கட்டி அதற்குள் இருக்கிற புழு இருக்கும். ட்ரவுட் தின்பதில் பெரும்பங்கு இதுகள்தான். மேலே பறக்கிறதைத் தாவிப் பிடிக்கிறதை நாம் கண்ணால் பார்க்கிறோம், அதனால் அதையே பெரிதாக நினைக்கிறோம். அடியில் தின்பது நமக்குத் தெரிவதில்லை. கல்லடியில் கண்ட பூச்சியின் அளவு, நிறம் இரண்டையும் பார்த்து அதற்குக் கிட்டியதைக் கட்டுங்கள். அநேகமாக அது கபிலமாகவோ கறுப்பாகவோ, அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிதாகவோ இருக்கும்.

ஊசியின் நம்பர் கூடக்கூட ஊசி சிறுத்துக்கொண்டு போகும் என்பதை மறக்கவேண்டாம். மாசி மாதத் தெளிந்த தண்ணீருக்கு 14, 16ஆம் நம்பர். மெல்லிய தங்கூசி நூல். கபில நிற நிம்ப், அதாவது தண்ணீருக்கடியில் போகும் இளம்பூச்சியின் வடிவம். இதில் பேர்போன ஒன்று பெசன்ட் டெயில். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைக் காவல்காத்த பிராங்க் சோயர் என்பவர் செய்தது. அவர் நூல்கூடப் பாவிக்கவில்லை. பெசன்ட் என்கிற காட்டுக்கோழி வகையின் வாலிறகு நாரும் மெல்லிய செப்புக் கம்பியும் மட்டும்தான். கம்பியின் பாரத்தால் அது சட்டென்று அடிக்குப் போகும். அவர் துரை அல்ல, ஆற்றங்கரையில் சம்பளத்துக்கு வேலை செய்த மனிதர் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

மத்தியானத்துக்கு மேல் காற்றடித்தால் கரைப்புல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் எறும்பு, வண்டு தண்ணீரில் விழும். அப்போது கறுத்த எறும்பு வடிவில் மிதக்கிற பிளை ஒன்று, 16ஆம் நம்பர். மழைக்கு மறுநாள் பிளேன்டி நிறத் தண்ணீருக்கு 10 அல்லது 12ஆம் நம்பரில் கறுப்பு உடம்பு, வெள்ளிக் கம்பிச் சுற்று, முன்னால் மெத்தென்ற கறுப்புக் கோழியிறகு. கலங்கிய தண்ணீரில் கறுப்புத்தான் நிழலாகத் தெரியும், வெள்ளி மினுங்கி இடத்தைக் காட்டும். இந்த மூன்றும் கையில் இருந்தால் இந்தக் காலத்துக்குப் போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். விருந்தாளி பெட்டியைத் திறந்து மார்ச் பிறவுன் என்று ஒன்றைக் காட்டுவார். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆறுகளில் எழும்புகிற ஒரு பூச்சியின் பெயர் அது. அந்தப் பூச்சி இங்கே கிடையாது. ஆனாலும் அதைக் கட்டவேண்டாம் என்று சொல்லாதீர்கள். கபில நிறமான எதற்கும் அது பொருந்தும், நமது மீனுக்கு இங்கிலீஷ் மாதம் தெரியாது.

இதையெல்லாம் கடையில் வாங்கத் தேவையில்லை. சேவலின் கழுத்திறகு, கறுப்புக் கோழியின் மெல்லிறகு, பழுதான மோட்டரில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பி, தையல் நூல், கிழிந்த சுவெட்டரின் அல்லது அம்மா கொழுந்துக்குப் போட்டுப்போகும் பழைய கம்பளியின் மயிர், எல்லாம் லயத்திலேயே இருக்கிறது. ஊசி மட்டும் வாங்கவேண்டும். தங்கச்சிமாருக்கு இந்த வேலை நன்றாக வரும் என்று நினைக்கிறோம். பூத்தையல் போடுகிற கைக்கு இது பெரிய காரியம் அல்ல. கட்டி விற்கவும் செய்யலாம்.

தடிக்கும் ரீலுக்கும் காசில்லையே என்று கேட்கிறீர்கள். ஜப்பானின் மலை ஓடைகளில் டென்காரா என்று ஒரு முறை இருக்கிறது. நீண்ட மூங்கில் தடி, அதன் நுனியில் கட்டிய நூல், ஒரு பிளை. ரீல் கிடையாது. மலைவாசிகள் அப்படிப் பிடித்துச் சத்திரங்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். நமது ஓடைகளும் அகலம் குறைந்தவை, இரண்டு பக்கமும் பற்றை மூடியவை. வெளிநாட்டுத் தடியைச் சுழற்றி வீசவே இடமில்லாத மடுவில் மூங்கில் தடியால் நுனி நூலை மெதுவாக இறக்கலாம். பழகிப்பாருங்கள்.

மண்புழு போட்டால் சுலபம்தானே என்றும் ஒருவர் கேட்டார். சுலபம்தான். ஆனால் புழுவை மீன் வயிறுவரை விழுங்கிவிடும். சின்னக் குஞ்சைக் கழற்றித் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது அரிது. பிளை உதட்டில் கொளுவும். ஊசியின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டு, கையை நனைத்துப் பிடித்து, தண்ணீருக்குள் வைத்தே கழற்றிவிட்டால் அது போய்விடும். உலர்ந்த கையால் பிடித்தால் உடம்பின் வழுவழுப்பு உரிந்து, பிறகு பூஞ்சணம் பிடிக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். கல்லைத் திருப்பிப் பார்க்கச் சொன்னோம். பத்துக் கல்லைத் திருப்பியும் ஒரு பூச்சிகூட இல்லை என்றால் என்ன செய்வது? எந்த பிளை கட்டினாலும் பயனில்லை. ஓடையின் மேலே நடந்துபோய்ப் பார்க்கவேண்டும்.

1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்த நாளிலிருந்து செம்பு கலந்த பங்கசுநாசினி அடித்து வருகிறோம். செம்பு மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது என்று சொல்லுவார்கள். ஆனால் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் அது நஞ்சு. அதிலும் நமது மலைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அப்படிப்பட்ட மெல்லிய தண்ணீரில் செம்பின் வேகம் இன்னும் கூடும். மரக்கறித் தோட்டங்களில் அடிக்கிற சில கிருமிநாசினிகள் அதைவிட மோசம், பைரித்ரொயிட் வகை ஒரு மூடி அளவு ஓடையில் சேர்ந்தாலே கீழே வெகுதூரத்துக்குக் கல்லடி காலியாகும். களைநாசினியும் அப்படியே. கிளைபோசேற்றை 2015இல் தடைசெய்து 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். அந்த மருந்தை இலையில் ஒட்டவைக்கச் சேர்க்கிற சவர்க்காரம் போன்ற பொருள் மீனின் பூவைத் தாக்கும்.

மருந்தடிக்கிற நமது சகோதரர்களைக் குறைசொல்லவில்லை. வேலை முடிந்ததும் டேங்கியைக் கழுவ வேறு தண்ணீர் கிட்டத்தில் இல்லை, ஓடைதான் இருக்கிறது. ஆனால் அந்த ஓடையின் தண்ணீர்தான் கீழே லயத்துப் பீலியில் விழுகிறது. பிள்ளை மடுவத்துச் சோற்றுப் பானைக்கும் அதுதான். பிளை கட்டுகிற ஒரு பையன் கல்லைத் திருப்பிப் பார்த்து, "நேத்து இருந்த பூச்சி இன்னைக்கு இல்லை" என்று வந்து சொன்னால், எந்த இரசாயனப் பரிசோதனைக்கும் முன்னால் நமக்குச் செய்தி கிடைத்துவிடும். அன்றைக்கே பீலித் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று லயத்துக்குச் சொல்லி, தோட்ட நிர்வாகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்கலாம். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்கவேண்டாம். கொதிப்பில் கிருமிதான் சாகும், செம்பும் மருந்தும் போகாது. இதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கு நாங்கள் ஒப்புக்கொண்டோம் என்று சொன்னாலும் தவறில்லை.

செய்யவேண்டியது பெரிய செலவு அல்ல. டேங்கியை ஓடையில் முக்கித் தண்ணீர் எடுக்கவேண்டாம், வாளியில் மொண்டு தள்ளி வைத்து ஊற்றுங்கள். முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மருந்தடித்த அதே செடிமேல் அடித்துவிடுங்கள். மூன்று தரம் அப்படிச் செய்தால் டேங்கி கழுவினதாகிவிடும், ஓடைக்குப் போகவே வேண்டாம். பிற்பகல் மழை வருகிற பங்குனி, சித்திரையில் காலையோடு அடித்து முடிப்பது நல்லது. ஓடைக்கரையோரப் புல்லையும் பற்றையையும் ஒட்டச் செரண்டவேண்டாம். ட்ரவுட் சரளைக்கல்லுக்குள் முட்டையைப் புதைக்கிறது. மேலே மண் படிந்தால் முட்டை மூச்சுத்திணறிச் சாகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. அதற்குள் எந்த உயிரினத்தையும் பிடிப்பது குற்றம், யார் எவ்வளவு தருகிறேன் என்றாலும் அங்கே கூட்டிப்போகாதீர்கள். தோட்டத்து ஓடைக்கு நிர்வாகத்திடமும், பொது நீர்நிலைக்கு அந்தந்தத் திணைக்களத்திடமும் முதலில் கேளுங்கள். வெடிபோட்டோ நஞ்சு கலந்தோ மீன்பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வாழ் உயிரினவளச் சட்டப்படி குற்றம்.

ட்ரவுட் குஞ்சை வாளியில் கொண்டுபோய் வேறு ஓடையில் விடலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். விடக்கூடாது. அழகான மீன், பிடிக்கவும் இன்பமான மீன், ஆனாலும் வந்தேறி. உலகத்தில் மிக மோசமான ஊடுருவல் உயிரினங்கள் என்று போட்ட நூறின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழ்கிற ஒருவகைச் சிறு இறால் உண்டு, உலகில் வேறெங்கும் கிடையாது. அதையும் இது தின்கிறது. இருக்கிற ஓடையில் இருக்கிறதைப் பிடிப்போம், இல்லாத ஓடைக்குக் கொண்டுபோகவேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பிரட்டுக்களத்தில் கூடுவோம். நிர்வாகத்தின் அனுமதி பெற்றாயிற்று. முதலில் ஓடைக்குப் போய் ஆளுக்குப் பத்துக் கல் திருப்பிப் பார்த்து, கண்டதை ஒரு கொப்பியில் எழுதுவோம். பிறகு வந்து பிளை கட்டுவோம். சேவலிறகும் பழைய கம்பளித் துண்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். ஊசியும் குறடும் எங்களிடம் இருக்கிறது. மழைச்சட்டையை மறக்கவேண்டாம், வெள்ளைச் சட்டையோடு வருகிறவர் கரையில்தான் நிற்கவேண்டிவரும்.